முதல் மூன்று நாள் மௌனம் யாருக்காக? 2024 இறுதிக் காலாண்டின் படங்களும் விமர்சனங்கள் மீதான வழக்கும்

ஒரு திரைப்படம் வெளியாகி மூன்று நாள்கள் முடியும் வரை அதைப் பற்றி இணையத்தில் எவரும் விமர்சனம் வெளியிடக் கூடாது என உத்தரவிடக் கோரி, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கு 2024 டிசம்பர் 3 ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டிய நீதிபதி எஸ். சௌந்தர், அத்தகைய பொதுவான தடையை விதிக்க மறுத்தார். அவதூறு பரப்பப்பட்டால் காவல்துறையை அணுகலாம் என்று குறிப்பிட்ட அவர், மத்திய, மாநில அரசுகளும் யூடியூப் நிறுவனமும் பதிலளிக்க நோட்டீஸ் அனுப்ப உத்தரவிட்டார்.

இவ்வழக்குக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. முதல் நாள் முதல் காட்சி முடிந்ததும் திரையரங்க வளாகத்தில் ரசிகர்களிடம் ஒலிவாங்கியை நீட்டி எடுக்கப்படும் 'பப்ளிக் ரிவியூ' காணொளிகளுக்குத் திரையரங்குகள் அனுமதி தரக் கூடாது என்பது அதன் கோரிக்கை. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்கள் இத்தகைய காணொளிகளால் பெரும் பாதிப்புக்கு உள்ளாயின என்று சங்கம் கூறியது.

இது தமிழ்த் திரையுலகின் மனக்குறை மட்டுமன்று. கேரளத்தில் 2023 ஆம் ஆண்டிலேயே 'ரிவியூ பாம்பிங்' என்ற சொல் நீதிமன்ற ஆவணங்களில் இடம்பெற்றுவிட்டது. எதிர்மறைக் கருத்துகளைத் திட்டமிட்டுக் குவித்து ஒரு படத்தை முடக்குவதை அச்சொல் குறிக்கிறது. ஆயினும், விமர்சனம் படத்தை வீழ்த்துகிறது என்ற குற்றச்சாட்டு எந்த அளவுக்கு உண்மை? அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தியா முழுவதும் வெளியான படங்களையும் அவற்றைப் பற்றி எழுந்த கருத்துகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், இதற்கான விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

தீபாவளி தந்த சான்று

அக்டோபர் 31 ஆம் தேதி தீபாவளியையொட்டித் தமிழில் 'அமரன்', 'பிரதர்', 'பிளடி பெக்கர்' ஆகிய மூன்று படங்களும், தெலுங்கில் 'லக்கி பாஸ்கர்', 'க' ஆகிய படங்களும் வெளியாயின. யாவும் ஒரே நாளில் திரைக்கு வந்தன. அதே விமர்சகர்கள், அதே யூடியூப் சேனல்கள், அதே ரசிகர்கள் அவற்றைப் பற்றிப் பேசினர். ஆனால் முடிவுகள் முற்றிலும் வேறுபட்டிருந்தன.

ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய 'அமரன்', 2014 ஆம் ஆண்டு காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் நடந்த மோதலில் உயிரிழந்து, பின்னர் அசோக சக்ரா விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொல்கிறது. படத்தின் கதையை அவருடைய மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸின் பார்வையில் நகர்த்தியதையும், அவ்வேடத்தில் சாய் பல்லவி வெளிப்படுத்திய நடிப்பையும் பெரும்பாலான விமர்சகர்கள் பாராட்டினர். நகைச்சுவை நாயகனாகவே அறியப்பட்டு வந்த சிவகார்த்திகேயனுக்கு இது ஒரு திருப்பம் என்ற கருத்து முதல் காட்சியிலிருந்தே பரவியது. படத்தின் உலகளாவிய வசூல் 300 கோடி ரூபாயைத் தாண்டியதாக வணிக வட்டாரங்கள் தெரிவித்தன.

எனினும் 'அமரன்' குறித்த கருத்துகள் யாவும் பாராட்டாக இருக்கவில்லை. காஷ்மீர் மக்களின் தரப்பு படத்தில் ஏறக்குறைய இல்லை. அங்குள்ளோர் சந்தேகத்துக்குரியவர்களாக மட்டுமே தோன்றுகின்றனர் என்ற விமர்சனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அழுத்தமாக முன்வைக்கப்பட்டது. படத்துக்கு எதிரான போராட்டங்களும் நடந்தன. நவம்பர் 16 ஆம் தேதி திருநெல்வேலி மேலப்பாளையத்தில் அப்படம் ஓடிய திரையரங்கின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. ஒரு படத்தின் அரசியலை எழுத்தில் எதிர்ப்பது விமர்சனம். திரையரங்கின் மீது குண்டு வீசுவது குற்றம். அந்தக் கடுமையான எழுத்து விமர்சனம் 'அமரன்' படத்தின் வசூலைக் குறைத்ததாகத் தயாரிப்புத் தரப்பு உள்பட எவரும் கூறவில்லை.

வெங்கி அட்லூரி இயக்கத்தில் துல்கர் சல்மான் நடித்த 'லக்கி பாஸ்கர்' இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பம்பாயில் நடக்கும் கதை. குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தும் வங்கி ஊழியர் ஒருவர் பங்குச் சந்தை மோசடியின் விளிம்பில் நின்று பணம் சேர்ப்பதைச் சொல்கிறது. மலையாள நடிகர் ஒருவரின் நேரடித் தெலுங்குப் படமான இதற்குத் தமிழ்நாட்டில் மிகப் பெரிய தொடக்கம் எதிர்பார்க்கப்படவில்லை. திரைக்கதையின் இறுக்கத்தையும் துல்கரின் அடக்கமான நடிப்பையும் பாராட்டிய முதல் நாள் கருத்துகளே அதைத் திரையரங்குகளில் நிலைநிறுத்தின. உலக அளவில் 100 கோடி ரூபாய் வசூலைக் கடந்த அப்படம், நவம்பர் 28 ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் தளத்துக்கு வந்த பிறகும் பேசப்பட்டது. முதல் மூன்று நாள்கள் எவரும் வாய் திறக்கக் கூடாது என்ற விதி அன்று நடைமுறையில் இருந்திருந்தால், இழப்பைச் சந்தித்திருக்கக் கூடிய படங்களில் 'லக்கி பாஸ்கர்' முதலிடத்தில் இருந்திருக்கும்.

இதே உண்மையைச் செப்டம்பர் மாதத்தில் வெளியான 'லப்பர் பந்து' முன்னரே காட்டியிருந்தது. அறிமுக இயக்குநர் தமிழரசன் பச்சமுத்துவின் அப்படத்தில் முன்னணி நட்சத்திரங்கள் இல்லை. ஊர்ப்புறக் கிரிக்கெட்டையும் அதற்குள் இருக்கும் சாதியையும் இயல்பாகப் பேசிய படம் என்ற வாய்மொழிக் கருத்தே அதற்கு விளம்பரமாக அமைந்தது. பெரிய விளம்பரச் செலவைத் தாங்க இயலாத தயாரிப்பாளருக்கு, முதல் நாள் விமர்சனம் செலவின்றிக் கிடைக்கும் ஒரே துணை.

'கங்குவா': ஒலியும் ஓசையும்

தயாரிப்பாளர்களின் கோபத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்தது நவம்பர் 14 ஆம் தேதி வெளியான 'கங்குவா'. சிவா இயக்கத்தில் சூர்யா நடித்த இப்படம் பெரும் பொருட்செலவில், பல மொழிகளில் வெளியிடப்பட்டது. வெளியீட்டுக்கு முன்னர் 2,000 கோடி ரூபாய் வசூல் என்ற எதிர்பார்ப்பைத் தயாரிப்புத் தரப்பே பொதுவெளியில் வைத்தது. முதல் காட்சி முடிந்த சில மணி நேரத்தில் வந்த கருத்துகள் கடுமையாக இருந்தன.

அக்கருத்துகளில் மூன்று பொதுவாகக் காணப்பட்டன. நிகழ்காலத்தில் நடக்கும் தொடக்கப் பகுதி பொருந்தவில்லை. பழங்காலப் பகுதியில் உணர்ச்சிக்கு இடம் தராமல் சண்டைகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒலியின் அளவு தாங்க இயலாததாக உள்ளது. மூன்றாவது குறையைச் சாதாரண ரசிகர்கள் மட்டும் கூறவில்லை. ஆஸ்கர் விருது பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியும் நம் படங்களில் ஓசையைக் கூட்டும் போட்டி குறித்துச் சமூக ஊடகத்தில் வருத்தம் தெரிவித்தார். திரையரங்குகளில் ஒலியளவைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் கே.ஈ. ஞானவேல் ராஜா அறிவித்தார். படத்திலிருந்து 12 நிமிடக் காட்சிகளும் பின்னர் நீக்கப்பட்டன. படத்தை ஆதரித்துப் பதிவிட்ட நடிகை ஜோதிகாவும், முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை என்பதையும் ஒலி உறுத்தலாக இருந்ததையும் ஒப்புக்கொண்டார். ஆனால் படத்தின் நல்ல அம்சங்களைப் பேசாமல் முதல் நாளிலேயே இத்தனை வெறுப்பு ஏன் என்பது அவர் எழுப்பிய வினா.

அவ்வினாவில் நியாயம் இருக்கிறது. 'கங்குவா' குறித்த முதல் நாள் காணொளிகள் பலவற்றில் படத்தைப் பற்றிய கருத்தைவிட நடிகரையும் தயாரிப்பாளரையும் பற்றிய ஏளனமே மிகுந்திருந்தது. முதல் காட்சி முடிவதற்கு முன்பே, படத்தைப் பார்த்திராத கணக்குகளிலிருந்து தீர்ப்புகள் வந்தன. போட்டி நடிகர்களின் ரசிகர்கள் நகைச்சுவைப் படங்களை உருவாக்கிப் பரப்பினர். இவற்றை விமர்சனம் என்று அழைப்பது விமர்சனத்துக்கே இழுக்கு.

ஆனால் ஒலியைக் குறைத்ததும் 12 நிமிடத்தை வெட்டியதும் எதைக் காட்டுகின்றன? ஏளனத்துக்கு நடுவே வந்த உண்மையான கருத்துகளைப் படக்குழுவே ஏற்றுக்கொண்டது என்பதைத்தான். இதற்கு முன் ஜூலையில் 'இந்தியன் 2' படத்திலும் 12 நிமிடங்கள் நீக்கப்பட்டன. செப்டம்பரில், பெரும்பாலும் நல்ல வரவேற்பைப் பெற்ற 'மெய்யழகன்' படத்திலும் நீளம் குறித்த கருத்துகளுக்குப் பின் சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. முதல் மூன்று நாள் கருத்துகளைக் கேட்டுப் படத்தைத் திருத்துவோர், அதே கருத்துகளைச் சட்டத்தால் தடுக்கவும் கோருவது ஒன்றுக்கொன்று முரணானது.

சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்ற 'வேட்டையன்' படத்துக்கு வந்த கருத்துகளின் இயல்பு வேறு. அக்டோபர் 10 ஆம் தேதி வெளியான இப்படத்தில் 'ஜெய் பீம்' இயக்குநர் த.செ. ஞானவேலும் ரஜினிகாந்தும் இணைந்தனர். காவல்துறை மோதல் கொலைகளின் நியாயத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் கதைக்குள், அத்தகைய கொலைகளால் புகழ்பெற்ற அதிகாரியாகவே நாயகன் வருகிறார். அந்த முரணைப் படம் துணிவுடன் கையாண்டதா, நட்சத்திரப் பிம்பத்துக்காகச் சமரசம் செய்துகொண்டதா என்பதே விமர்சகர்களின் விவாதமாக இருந்தது. படத்தை மதித்து நடந்த விவாதம் அது. ஏளனக் காணொளியையும் இத்தகைய எழுத்தையும் ஒரே மனுவில் ஒரே சொல்லால் குறிப்பிடுவது, வழக்கின் அடிப்படையையே பலவீனமாக்குகிறது.

இந்தியில் வேறு கணக்கு

விமர்சனத்துக்கும் வசூலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்ற கருத்தை நவம்பர் 1 ஆம் தேதி வெளியான இரு இந்திப் படங்கள் சோதித்தன. ரோஹித் ஷெட்டியின் 'சிங்கம் அகெய்ன்' படத்தில் அஜய் தேவ்கன், அக்ஷய் குமார், ரன்வீர் சிங், தீபிகா படுகோன், டைகர் ஷ்ராஃப், கரீனா கபூர் என நட்சத்திரங்கள் நிரம்பியிருந்தனர். இராமாயணத்தை இணைத்துச் சொன்ன கதையில் ஒவ்வொரு நடிகருக்கும் ஓர் அறிமுகக் காட்சி தருவதிலேயே படம் கரைந்துவிட்டது என்று பெரும்பாலான விமர்சகர்கள் எழுதினர். அனீஸ் பாஸ்மியின் 'பூல் புலையா 3' படத்தில் வித்யா பாலன், மாதுரி தீட்சித் ஆகியோரின் பங்களிப்பும் இறுதித் திருப்பமும் பாராட்டப்பட்டன. இடைப்பகுதி நகைச்சுவை சலிப்பூட்டுவதாகக் கருதப்பட்டது.

இரண்டு படங்களும் விடுமுறை வாரத்தில் பெருந்தொகையை வசூலித்தன. பொருட்செலவு குறைவாக இருந்த 'பூல் புலையா 3' கூடுதல் லாபம் ஈட்டியது. 'சிங்கம் அகெய்ன்' படத்தின் சிக்கல் அதன் அளவுக்கு மீறிய செலவில் இருந்தது. விமர்சனம் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு படம் தோற்றுவிட்டதாகச் சொல்லப்படும்போது, அது எவ்வளவு ஈட்டியது என்பதோடு எவ்வளவு ஈட்டியாக வேண்டிய நிலையில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கிறிஸ்துமஸ் நாளில் வெளியான 'பேபி ஜான்' இதன் மறுபக்கம். 2016 ஆம் ஆண்டின் தமிழ்ப் படமான 'தெறி'யின் இந்தி மறு ஆக்கம் இது. எட்டு ஆண்டுகளில் அந்தக் கதை பழையதாகிவிட்டது என்பதே விமர்சகர்களின் பொதுக் கருத்து. திரையரங்குகள் நிரம்பவில்லை. எவரும் இப்படத்துக்கு எதிராகப் பெரிய வெறுப்புப் பிரசாரம் நடத்தவில்லை. பார்வையாளர்கள் வரவில்லை, அவ்வளவே.

'புஷ்பா 2': விமர்சனத்துக்கு அப்பாற்பட்ட அலை

டிசம்பர் 5 ஆம் தேதி வெளியான 'புஷ்பா 2' எல்லாக் கணக்குகளையும் மாற்றியது. சுகுமார் இயக்கிய இப்படம் 3 மணி 20 நிமிடம் ஓடுகிறது. கங்கம்மா ஜாத்திரைக் காட்சியில் புடவை அணிந்து ஆடும் அல்லு அர்ஜுனின் நடிப்பை விமர்சகர்கள் வியந்து எழுதினர். அதே சமயம் கதை ஓரிடத்திலும் குவியவில்லை, இரண்டாம் பாதி இழுக்கிறது, கடத்தல்காரனின் வெறியாட்டத்தைப் படம் கேள்வியின்றிக் கொண்டாடுகிறது என்ற குறைகளும் பரவலாகச் சுட்டப்பட்டன. ஆறு நாள்களில் 1,000 கோடி ரூபாய் வசூல் என்று தயாரிப்பு நிறுவனம் அறிவித்தது. இந்தி மொழிமாற்றுப் பதிப்பே நேரடி இந்திப் படங்களின் சாதனைகளைக் கடந்தது.

இந்த வெற்றியின் நிழலில் ஒரு துயரமும் இருக்கிறது. டிசம்பர் 4 ஆம் தேதி இரவு ஹைதராபாத் சந்தியா திரையரங்கில் நடந்த சிறப்புக் காட்சிக்கு அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் உயிரிழந்தார். அவருடைய மகன் கவலைக்கிடமான நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். இனிச் சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி இல்லை எனத் தெலங்கானா அரசு அறிவித்தது. முதல் காட்சியைச் சுற்றி வெறியைத் திட்டமிட்டு உருவாக்கும் வணிகமே அந்த இரவில் கேள்விக்குள்ளானது.

முதல் நாள்களில்தான் விலை அதிகம்

மூன்று நாள் மௌனம் கோரும் தயாரிப்பாளர்களின் வாதத்தில் பொருளாதார நியாயம் இருக்கிறது. இன்றைய பெரிய படம் ஒரே நாளில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான திரைகளில் வெளியாகிறது. முதல் வாரத்தில் வசூலில் தயாரிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் கிடைக்கும் பங்கு அதிகம். வாரங்கள் செல்லச் செல்லத் திரையரங்கின் பங்கு கூடும். தென்மொழிப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரங்களில் ஓடிடி தளத்துக்குச் சென்றுவிடுகின்றன. 'கங்குவா' டிசம்பர் 8 ஆம் தேதியே அமேசான் பிரைமில் வெளியாகிவிட்டது. ஆகவே முதல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாள்கள் தவறினால் மீள்வதற்குக் கால அவகாசம் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன் வார இதழ்களின் விமர்சனம் அச்சாகி வரும்போது படம் ஒரு வாரத்தைக் கடந்திருக்கும். நூறாவது நாளை எட்டும் படத்துக்கு அது தடையாக இருக்கவில்லை. இன்று இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது.

ஆனால் இதே கணக்கைப் பார்வையாளரின் பக்கத்திலிருந்தும் போட வேண்டும். அவர் மிக அதிக விலை கொடுப்பதும் அந்த முதல் நாள்களில்தான். 'புஷ்பா 2' படத்தின் டிசம்பர் 4 இரவுச் சிறப்புக் காட்சிக்கு வழக்கமான கட்டணத்துக்கு மேல் 800 ரூபாய் கூடுதலாக வசூலிக்கத் தெலங்கானா, ஆந்திர அரசுகள் அனுமதி அளித்தன. அடுத்த நாள்களுக்கும் படிப்படியான கட்டண உயர்வு அனுமதிக்கப்பட்டது. விலை உச்சத்தில் இருக்கும் நாள்களில், பொருளின் தரம் பற்றி எதுவும் பேசக் கூடாது என்று வேறெந்தச் சந்தையிலும் எவரும் கேட்பதில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று பயணம், தின்பண்டம் உள்படச் செலவு செய்து திரையரங்குக்குச் செல்லும்போது, முன்னால் பார்த்தவரின் கருத்தைக் கேட்பது அதன் உரிமை. மூன்று நாள் மௌனம் நடைமுறைக்கு வந்தால், படத்தின் முன்னோட்டமும் விளம்பரமும் நட்சத்திரப் பேட்டிகளும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கும். அந்த மூன்று நாள்களும் ஒரு தரப்பின் குரல் மட்டுமே கேட்கும் நாள்களாகிவிடும்.

பாராட்டு மட்டும் போதாது

விமர்சனத்துக்கு வசூலை உருவாக்கும் சக்தியும் வரம்புக்கு உட்பட்டதே என்பதை இப்பருவத்தின் மிகச் சிறந்த படம் எனப் பலர் கருதும் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' காட்டியது. மும்பையில் பணிபுரியும் கேரளச் செவிலியர்களின் தனிமையை மலையாளம், இந்தி, மராத்தி ஆகிய மொழிகளில் சொல்லும் இப்படத்தைப் பாயல் கபாடியா இயக்கினார். கனி குஸ்ருதி, திவ்ய பிரபா, சாயா கதம் ஆகியோர் நடித்தனர். மே மாதம் கான் திரைப்பட விழாவின் கிராண்ட் பிரி விருதை வென்ற முதல் இந்தியப் படம் இது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவ்விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான இந்தியப் படமும் இதுவே. டிசம்பரில் கோல்டன் குளோப் விருதுக்கு இரண்டு பரிந்துரைகளைப் பெற்றது.

நவம்பர் 22 ஆம் தேதி இந்தியா முழுவதும் வெளியானபோது விமர்சகர்கள் ஏறத்தாழ ஒரே குரலில் பாராட்டினர். ஆனால் படம் பெற்ற திரைகள் சில. காட்சி நேரங்களும் பெரும்பாலோருக்கு வசதியாக அமையவில்லை. ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாக இதைத் தேர்ந்தெடுக்காத இந்தியத் திரைப்படச் சம்மேளனம், 'லாபதா லேடீஸ்' படத்தை அனுப்பியது. கபாடியாவின் படம் இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் போல் இருப்பதாகத் தேர்வுக் குழு கருதியது என்று சம்மேளனத் தலைவர் விளக்கினார். டிசம்பர் 17 ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ஆஸ்கர் குறும்பட்டியலில் 'லாபதா லேடீஸ்' இடம்பெறவில்லை. எளிமையும் நகைச்சுவையும் கொண்ட 'லாபதா லேடீஸ்' தரமான படம் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எது இந்தியத் தன்மை என்பதை ஒரு குழு வரையறுக்க முயன்றதே விவாதமானது.

இந்தப் படத்தின் அனுபவம் ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஒரு படத்தின் விதியை முதலில் தீர்மானிப்பது அதற்கு ஒதுக்கப்படும் திரைகளின் எண்ணிக்கை. அந்த முடிவு விமர்சனம் எழுதப்படுவதற்கு முன்பே, விநியோக ஒப்பந்தங்களில் எடுக்கப்பட்டுவிடுகிறது. சிறிய படங்கள் திரை கிடைக்காமல் அழிவதைப் பற்றி எந்தச் சங்கமும் இதே வேகத்தில் நீதிமன்றத்தை நாடவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

கேரளத்தில் நடந்தவை இவ்விவாதத்துக்கு உதவக்கூடியவை. 2023 அக்டோபரில் இயக்குநர் ஒருவரின் மனுவை விசாரித்த கேரள உயர் நீதிமன்றம், திட்டமிட்ட எதிர்மறைப் பிரசாரத்தைக் கவனத்தில் கொண்டது. அதே மாதம் 'ராகேல் மகன் கோர' என்ற படத்தின் இயக்குநர் அளித்த புகாரின்பேரில் கொச்சி காவல்துறை ஒன்பது பேர் மீது வழக்குப் பதிவு செய்தது. சமூக ஊடக நிறுவனங்களும் அதில் சேர்க்கப்பட்டன. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் அளித்த அறிக்கை, வெளியீட்டுக்குப் பின் 48 மணி நேரம் இணைய விமர்சகர்கள் காத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தது. புகார்களைப் பெறத் தனி இணையதளம் அமைக்கவும் யோசனை கூறியது. பணம் பறிக்கும் நோக்கில் எழுதுவோரையும் நேர்மையாகக் கருத்துச் சொல்வோரையும் பிரித்துப் பார்க்கும் முயற்சி அதில் இருந்தது. எனினும் அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை.

தடை கோருவோர் மறக்கக் கூடாத ஒரு வரலாறும் உண்டு. இடஒதுக்கீடு குறித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எதிர்ப்பும் மிரட்டலும் வரும் என்ற அச்சத்துக்காகக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது என அது கூறியது. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவே அன்று அப்படத்துக்கு அரணாக நின்றது. திரைப்படத்தைக் காக்கும் அதே பிரிவுதான் திரைப்படத்தைப் பற்றிய கருத்தையும் காக்கிறது. ஒன்றை வலுவிழக்கச் செய்தால் மற்றொன்றும் வலுவிழக்கும். நாளை ஓர் அரசோ அமைப்போ படத்துக்கே தடை கோரி வரும்போது, தயாரிப்பாளர்கள் சாய்ந்து நிற்க வேண்டிய சுவர் அது.

தடைக்கு மாற்றாக வேறொரு வழி ஏற்கனவே சட்டத்தில் உள்ளது. பணமோ பரிசோ பயணச் சலுகையோ பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைக்கும் சமூக ஊடகப் பிரபலங்கள் அந்தத் தொடர்பை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பணம் பெற்றுப் படத்தைப் புகழ்வதற்கும் இதே அளவுகோலைக் கண்டிப்புடன் பயன்படுத்தலாம். இங்கே தயாரிப்புத் தரப்பும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எதிர்மறைக் கருத்துக்குப் பின்னால் பணம் இருப்பதாகப் புகார் கூறுவோர், முதல் காட்சிக்கு முன்பே சமூக ஊடகங்களில் நிரம்பும் ஒரே மாதிரியான புகழுரைகளைப் பற்றிப் பேசுவதில்லை. பார்வையாளர் விமர்சனத்தின் மீது நம்பிக்கை இழந்ததில் விலைக்கு வாங்கிய பாராட்டுக்கும் பங்கு உண்டு.

விமர்சகர்களின் பொறுப்பு

இதனால் விமர்சகர்கள் குற்றமற்றவர்கள் ஆகிவிடமாட்டார்கள். முதலில் வெளியிடுபவருக்கே அதிகப் பார்வைகள் என்ற யூடியூப் கணக்கு, சிந்திக்கும் நேரத்தை விமர்சகரிடமிருந்து பறித்துவிட்டது. கதையின் திருப்பங்களைத் தலைப்பிலேயே உடைப்பதும், நடிகரின் உடலையும் குடும்பத்தையும் கேலி செய்வதும், நட்சத்திரங்களை ஒப்பிட்டு ரசிகர் சண்டையைத் தூண்டுவதும் பார்வைகளைக் கூட்டுகின்றன. திரையரங்க வாசலில் கத்திப் பேசுபவரின் முகமே காணொளியின் முகப்புப் படமாகிறது. நிதானமாகப் பேசியவர் வெட்டி நீக்கப்படுகிறார். பப்ளிக் ரிவியூவின் உண்மையான குறை இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. தனியார் இடமான திரையரங்கு தன் வளாகத்துக்குள் ஒளிப்பதிவுக் கருவிகளை அனுமதிக்காமல் இருக்கலாம். அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. ஆனால் சாலையில் நின்று தன் கைப்பேசியில் கருத்துச் சொல்பவரை எந்தச் சங்கமும் தடுக்க இயலாது.

டிசம்பர் 20 ஆம் தேதி வெளியான இரு படங்கள் நல்ல விமர்சனத்தின் தேவையை மீண்டும் நினைவூட்டின. வெற்றிமாறனின் 'விடுதலை 2' உரையாடல்களால் நிறைந்திருக்கிறது. முதல் பாகத்தின் பதற்றம் இதில் குறைவு என்று சிலர் எழுத, இடதுசாரி இயக்க வரலாற்றை வெகுசன சினிமாவுக்குள் கொண்டுவந்த துணிவை வேறு சிலர் போற்றினர். மலையாளத்தில் வெளியான 'மார்கோ' பெரும் வசூலை ஈட்டியபோது, குழந்தைகள் மீதான கொடூரத்தைக் கூடக் காட்சி இன்பமாக்குவது சரியா என்ற கேள்வியை விமர்சகர்கள் எழுப்பினர். இவ்விரு விவாதங்களும் வசூலைக் கூட்டவோ குறைக்கவோ நடக்கவில்லை. ஒரு சமூகம் தன் கதைகளை எப்படிச் சொல்ல வேண்டும் என்பது பற்றியவை அவை. மூன்று நாள் கழித்து நடந்திருந்தாலும் இவை நடந்திருக்கும்; ஆனால் மார்கோவின் வன்முறை அளவை அறியாமல் முதல் நாளே சென்ற பார்வையாளருக்கு அது காலம் கடந்த தகவல்.

2024 டிசம்பரில், உயர் நீதிமன்றத்தில் அரசுகளும் யூடியூப் நிறுவனமும் பதிலளிக்க வேண்டியிருந்தது. 2025 பொங்கலுக்கு வெளியாகவிருந்த படங்களும் அதே திரையரங்க வாசல்களையும் அதே காணொளிகளையும் சந்திக்கவிருந்தன. ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் விட்டுச்செல்லும் கணக்கு இதுதான்: கருத்துகள் 'லக்கி பாஸ்கர்' படத்தை உயர்த்தின; 'கங்குவா' படத்தின் சரிவை விரைவுபடுத்தின; 'புஷ்பா 2' படத்தை அசைக்கவில்லை; கபாடியாவின் படத்துக்குத் திரைகளைப் பெற்றுத் தரவும் இல்லை. இவ்வளவு சீரற்ற ஒரு சக்தியை மூன்று நாள்கள் அடக்கி வைப்பதால் மோசமான படம் நல்ல படமாகிவிடாது. முதல் காட்சிக்கு முழுக் கட்டணம் செலுத்திய பார்வையாளர், அடுத்தவருக்குத் தன் அனுபவத்தைச் சொல்லும் உரிமையை மட்டும் இழப்பார்.